தூக்க மாப்பிள்ளையின் கிட்டார்

ஜனவரி 9

சகலைக்கு,

இதை நேரில் கேட்டிருப்பேன், அல்லது போனில். என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்துவிட்டீர்கள் என்று என் மனைவி சொன்னாள். நாற்பத்தைந்து வயது ஆள் செய்கிற காரியமா இது என்று கேட்டேன். "என் தங்கச்சி புருஷனுக்கு வயசு தாடியில மட்டும்தான் ஏறுது" என்றாள். ஆகவே காகிதம். அக்காவும் தங்கையும் எப்படியும் வாரம் ஒரு முறை துணிக்கடை, பல் வைத்தியர் என்று எங்காவது சேர்ந்து போகிறார்கள். அவர்களே தபால்காரிகளாக இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மாமனாரின் பிறந்தநாள் விருந்தில், அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, பாட்டின் நடுவில், டிரம்ஸ் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டீர்கள். உங்களுக்குச் சிரிப்பு வேறு வந்தது. நான் பார்த்தேன். என் மகள் இரண்டாவது சரணம் பாடிக்கொண்டிருந்தாள். தாளம் நின்றதும் தடுமாறினாள். மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் தனியாகக் கொஞ்ச நேரம் கிட்டார் வாசித்துவிட்டு நிறுத்தினேன். மாமனார் கைதட்டினார். பாட்டு அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்.

என்னைக் கண்டால் உங்களுக்கு ஆகாது என்பது தெரியும். மாமனார் உங்களுக்கு 'சத்தம் மாப்பிள்ளை' என்றும், மயக்க மருந்து கொடுக்கிற எனக்குத் 'தூக்க மாப்பிள்ளை' என்றும் பெயர் வைத்தபோது நான் சிரித்தேன், நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அந்தக் கோபத்தை என் மகளின் பாட்டில் காட்டியிருக்க வேண்டாம்.

நான் இரண்டு வருடமாக முறைப்படி ஆசிரியர் வைத்துக் கற்கிறேன். அந்தப் பாட்டின் எல்லா விரல்பிடிகளும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரி வரை எந்தப் பாடத்திலும் நான் இரண்டாவதாக வந்தது கிடையாது. தப்பு என் பக்கம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மூத்த சகலை


ஜனவரி 16

டாக்டர் அண்ணனுக்கு,

எந்தப் பாடத்திலும் இரண்டாவதாக வந்ததில்லை என்கிறீர்கள். அன்றைக்கும் முதலாவதாகத்தான் வந்தீர்கள். பல்லவியில் எங்களைவிட அரைத் தட்டு முன்னால். முதல் சரணத்தில் ஒரு தட்டு. இரண்டாவது சரணத்தில் நீங்கள் வீடு போய்ச் சேர்ந்து சட்டை மாற்றிவிட்டீர்கள். நானும் உங்கள் மகளும் மண்டபத்தில்தான் இருந்தோம்.

நான் ஏன் நிறுத்தினேன் என்று கேட்டீர்கள். அங்கே இரண்டு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றையாவது நிறுத்த வேண்டியிருந்தது. தாளம் நின்றால் எவனுக்கும் படியில் கால் தவறின மாதிரி இருக்கும், அவனும் நின்றுவிடுவான் என்று நினைத்தேன். நீங்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனீர்கள். அதாவது அதுவரை என்னைக் கேட்கவே இல்லை. அவளையும் கேட்கவில்லை.

சிரித்தது உண்மை. நாள் முழுக்க ஆபரேஷன் அறையில் இன்னொருவருடைய நாடித்துடிப்பை டிக் டிக் என்று கேட்டபடி உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதருக்குத் தாளம் எப்படி இந்த அளவுக்குக் காதில் ஏறாமல் இருக்கும் என்று யோசித்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

பிடிகள் தலைகீழாகத் தெரியும் என்கிறீர்கள். நேராகத் தெரிந்தால் போதும். கிட்டாரை வரவேற்பறைச் சுவரில் மாட்டுங்கள். அண்ணியின் புதுத் திரைச்சீலைக்குப் பொருத்தமாக இருக்கும்.

சத்தம்


பிப்ரவரி 10

சகலைக்கு,

திரைச்சீலை பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவி வாசித்தாள். உங்களிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

நான் வாயால் வாதாடுகிறவன் அல்ல. இத்துடன் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அதே பாட்டு, என் வாசிப்பு மட்டும். டிக் டிக் என்று தாளம் தட்டுகிற மெட்ரோனோம் கருவியை வைத்து, அதன் சத்தமும் கேட்கும்படி பதிவு செய்திருக்கிறேன். முதலில் ஒரு மெட்ரோனோம் வாங்கினேன். அது சீராக அடிக்காமல் பின்தங்கிக்கொண்டே இருந்தது. கடையில் கொடுத்து மாற்றினேன். இரண்டாவதும் கொஞ்சம் பின்தங்குகிறது. இப்போதெல்லாம் எதையும் ஒழுங்காகச் செய்து விற்பதில்லை. அதைக் கழித்துவிட்டுக் கேளுங்கள்.

என் ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு, "சார், உணர்ச்சி நல்லா இருக்கு" என்றார். அவர் முறையாகச் சான்றிதழ் வாங்கியவர். நீங்கள் சட்டக் கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு ஹோட்டல் வரவேற்பு மண்டபங்களில் தட்டப் போனவர். இரண்டு அபிப்பிராயங்களில் எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் பதிலும் கோப்பில் இருக்கட்டும் என்று அனுப்புகிறேன்.

மூத்த சகலை


பிப்ரவரி 19

டாக்டர் அண்ணனுக்கு,

மெட்ரோனோம் மெதுவாக ஓடுகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று கடைப்படி ஏறியவரை என் தொழிலில் நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. எங்கள் குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்.

'உணர்ச்சி நல்லா இருக்கு' என்றால், தாளம் இல்லை, மாதம் பிறந்தால் ஃபீஸ் வருகிறது என்று அர்த்தம்.

கேட்டேன். முழுக்கக் கேட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, "யாரோ மாடிப்படியில பெட்டியை உருட்டுறாங்களா" என்று கேட்டாள். உங்கள் நோய் சாதாரணமானது, வயதான பிறகு கற்க வருகிற எல்லோருக்கும் வருவது. பிடி மாற்ற வேண்டிய இடம் வந்ததும் உங்கள் வலது கை நின்றுவிடுகிறது. இடது கை விரல்களை ஒவ்வொன்றாக, டாக்டர் அல்லவா, சுத்தமாக வைக்கிறீர்கள். அதற்குள் பாட்டு போய்விடுகிறது. பிறகு அதைப் பிடிக்க ஓடுகிறீர்கள். ஓடுகிற வேகத்தில் அதையும் தாண்டிப் போய்விடுகிறீர்கள். இதில் உங்கள் கால் வேறு. பதிவில் அதன் சத்தமும் கேட்கிறது. கால்தான் கைக்குச் சொல்ல வேண்டும். உங்கள் கால், கை எங்கே போனாலும் வாலாட்டிக்கொண்டு பின்னால் போகிறது.

மருந்து சொல்கிறேன். சாப்பிட மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன். இடது கையைத் தந்தி மேல் சும்மா படுக்கப் போடுங்கள், சுரமே வரக்கூடாது. வலது கை மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கட்டும். பட்டாலும் படாவிட்டாலும் அது நிற்கக் கூடாது. வாயால் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று சத்தமாக எண்ணுங்கள். கிழவர் நடக்கிற வேகத்தில். வேகமாக வாசிக்க எந்தக் கழுதையாலும் முடியும். மெதுவாக வாசிக்கும்போதுதான் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். அதற்குப் பிறகு, கொஞ்ச நேரம் சத்தம் வந்து கொஞ்ச நேரம் ஊமையாகிற மெட்ரோனோம் ஒன்று போனிலேயே கிடைக்கும். அது ஊமையாக இருக்கும்போதும் எண்ணுங்கள். சத்தம் திரும்ப வரும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அழக் கூடாது.

இன்னொன்று. உங்கள் மகள் இசைக் கல்லூரியில் சேர ஒரு பாட்டுப் பதிவு அனுப்ப வேண்டும், தெரியுமா? தெரியாது என்று நினைக்கிறேன். மே மாதம். கூட வாசிக்க என்னைக் கேட்டிருக்கிறாள். அன்று விருந்தில் அவள் வெளியே போனதும் நான் பின்னாலேயே போனேன். கார்கள் நிற்கிற இடத்தில் அழுதுகொண்டிருந்தாள். "வாசிக்கறதுல மட்டும் இல்ல சித்தப்பா, பேசினாலும் அப்பா இப்படித்தான். நான் கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் வந்துடும்" என்றாள்.

மெட்ரோனோமை மாற்றியது போல மகளையும் கடையில் கொடுத்து மாற்ற முடியாது.

சத்தம்


மார்ச் 21

சகலைக்கு,

கடைசி வரி தேவையில்லாதது. ஒரு குழந்தைகூட வளர்க்காதவர் எழுதுகிற வரி அது. இதை எழுதிவிட்டு அடித்துவிட நினைத்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டேன்.

இசைக் கல்லூரி விஷயம் எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. "உங்ககிட்ட சொன்னா எந்தக் கல்லூரி, ஏன் அந்தக் கல்லூரின்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்கன்னு பயந்தா" என்கிறாள். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதிலும் எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. நான் முடிவு பண்ணிவிட்டது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

உங்கள் மருந்தைச் சாப்பிட்டேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல. உங்கள் ஒரு வாதத்தையாவது சோதித்துப் பார்த்துத் தள்ளிவிடலாம் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சாப்பிடுவதற்கு முன், சுரமே வராத தந்தியை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டு ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணினேன். பக்கத்து வீட்டுக்காரர் என் மனைவியிடம், "டாக்டர் பாய் தட்டுறாரா?" என்று கேட்டிருக்கிறார். முதல் வாரம் மெட்ரோனோம் ஊமையாகி, திரும்பச் சத்தம் வரும்போதெல்லாம் நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், ரயில் வருவதற்கு முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளைப் போல. கருவிகளில் பழுது இல்லை என்று தெரிகிறது. இரண்டிலும்.

இப்போது பெரும்பாலும் அது வருகிற இடத்தில் நானும் இருக்கிறேன். பிடி தப்பினாலும் வலது கை நிற்பதில்லை. தப்பான சுரத்தோடு சரியான நேரத்தில் போய்ச் சேர்வது எனக்கு இன்னும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. எங்கள் தொழிலில் இதற்கு வேறு பெயர்.

ஒரு சந்தேகம். இது தொழில்முறைச் சந்தேகம் மட்டுமே. கருவி ஒரே சீராக அடிக்கும். பாடுகிறவர் அப்படி இல்லை. ஒரு சொல்லை இழுப்பார், ஒரு இடத்தில் நிற்பார். அவர் மறுபடி எங்கே சேருவார் என்று கூட வாசிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

மூத்த சகலை


மார்ச் 28

டாக்டர் அண்ணனுக்கு,

தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தாளம் பாடகர் பின்னால் போகாது. பாடகர்தான் தாளத்தைத் தேடி வர வேண்டும். நான் அடித்தால் உங்கள் மகள் வருவாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். அவள் இழுக்கப் பார்த்தால் ஒரு அடி ஓங்கிப் போடுவேன், உடனே வந்து சேர்ந்துவிடுவாள். பாடுகிறவர்களை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் பாட்டு விடிகிறவரை முடியாது.

நீங்கள் இந்தக் கேள்விக்கெல்லாம் இன்னும் வரவில்லை. எண்ணிக்கொண்டிருங்கள். பாய் தட்டுவதற்கும் ஒரு நிதானம் வேண்டும், அது வந்துவிட்டது என்கிறீர்கள். சந்தோஷம். அண்ணியிடம் சொல்லி வீட்டுப் பாய்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மே மாதப் பதிவுக்கு அவளுக்கு நான் இருக்கிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம். பதிவு அறைக்கு அவளைக் காரில் கொண்டு வந்து விட்டால் போதும். உள்ளே வர வேண்டாம், பதற்றப்படுவாள்.

சத்தம்


ஏப்ரல் 30

சகலைக்கு,

ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதை என் மகள் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்படுகிறாள். ஆகவே நான் எழுதுகிறேன். எனக்குக் கூச்சம் இல்லை.

போன ஞாயிறு பிற்பகல் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பின்பக்க அறையில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் என் வழக்கமான பாய் தட்டலில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் என் தட்டலின் மேல் அவள் முணுமுணுப்பு வந்து உட்கார்ந்தது. எனக்காகப் பாடவில்லை, சட்டைக்குத்தான் பாடினாள். நான் நிறுத்தவில்லை. மெதுவாகப் பிடிகளைப் போட்டேன். நாற்காலியைத் திருப்பியதும் கதவு வழியாக அவள் தெரிந்தாள்.

தொண்டை சரியில்லாததால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அவளுக்கு மூச்சு கூடுதலாகத் தேவைப்பட்டது. அதை நான் பார்த்தேன். சகலை, என் வேலை என்ன என்று உங்களுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஊசி போட்டுத் தூங்க வைப்பது ஒரு நிமிட வேலை. மிச்ச நேரமெல்லாம் தூங்குகிறவரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். நாடிச் சத்தத்தைக் கருவி கேட்டுக்கொள்ளும். அடுத்த மூச்சு எப்போது வரும், எவ்வளவு ஆழமாக வரும் என்று பார்ப்பது நான். இருபத்து நான்கு வருடங்களாக முன்பின் தெரியாத ஆட்களுக்கு அதைச் செய்துவிட்டு, வீட்டில் ஒருத்தி பாடும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு வரியின் முடிவில் அவள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். என் கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, தந்தியைத் தொடாமல். பழைய நானாக இருந்தால் அதற்குள் அடுத்த வரியில் போய் உட்கார்ந்திருப்பேன். அவள் தோள் உயர்ந்தது. மூச்சு உள்ளே போனது. அவள் அடுத்த சொல்லைத் தொட்டபோது நானும் தந்தியைத் தொட்டேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்க முந்தல" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. சொல்லவில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை என்று தோன்றியது. சரியாகத்தான் தோன்றியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "கல்லூரிக்கு ஒரு பாட்டு அனுப்பணும்ப்பா. உங்ககிட்ட சொல்லல" என்றாள். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, எந்தக் கல்லூரி, ஏன் அது, போனால் எவ்வளவு காலம் என்று எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அது தூரமான ஊர். அங்கே போக வேண்டாம் என்பதற்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருக்கின்றன. அவை அப்படியே இருக்கின்றன.

வியாழக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பதிவுக்கு டிரம்ஸ் வேண்டாம், கிட்டார் மட்டும் போதும், நீங்கள் வருகிறீர்களா என்று. "சித்தப்பா வாசிச்சா நான் அவர் பின்னால ஓடணும்" என்றாள். "அந்தப் பாட்டுக்கு ஓட முடியாது."

ஆகவே மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை பதிவுக்கு நீங்கள் வர வேண்டாம். பாடகர்தான் தாளத்தைத் தேடி வர வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். இத்தனை வருடங்களாக நீங்கள் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தீர்கள். அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஓங்கி அடித்தால் வந்து சேருகிறாள் என்று பெருமைப்பட்டீர்கள். யாரும் வந்து சேருவார்கள், சகலை, ஓங்கி அடித்தால்.

உங்கள் பயிற்சிகள் பயன்பட்டன. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

மூத்த சகலை


மே 17

டாக்டர் அண்ணனுக்கு,

பதிவை எனக்கு அனுப்பியிருந்தாள். ஒரு தடவைதான் கேட்டேன் என்று எழுத ஆசை. இந்தக் கடிதத்தை என் மனைவி வாசித்துவிட்டுத்தான் அண்ணியிடம் கொடுப்பாள். ஆகவே அப்படி எழுத முடியாது.

முதலில் குறைகள். ஆரம்பத்தில் நீங்கள் தொண்டையைக் கனைப்பது கேட்கிறது. முதல் சரணத்தில் ஒரு பிடி தப்பு. கேட்கச் சகிக்கவில்லை, கை நிற்காததால் பிழைத்தீர்கள். கடைசிப் பல்லவியில் வேகம் கொஞ்சம் ஏறுகிறது. அவளும் சேர்ந்தே ஏறுகிறாள், ஆகவே அதை உங்கள் கணக்கில் மட்டும் எழுதவில்லை. முடிவில் ஒரு அலங்காரம் போட்டிருக்கிறீர்கள். யார் கேட்டார்கள்? அதை உங்கள் உணர்ச்சி ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருப்பார்.

மற்ற இடங்களில் நீங்கள் இருப்பதே தெரியவில்லை. அவள் பாடுவது மட்டும்தான் கேட்கிறது. இதை நீங்கள் பாராட்டாக எடுத்துக்கொள்வீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், தடுக்கவா முடியும்.

அவள் இரண்டாவது சரணத்தில் ஒரு சொல்லை இழுக்கிறாள். அவ்வளவு நீளமாக அவள் இழுத்து நான் கேட்டதில்லை. அவளுக்கு அது வரும் என்றே எனக்குத் தெரியாது.

நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன் என்கிறீர்கள். மூச்சு வாங்கும்போது முதுகும் ஏறி இறங்கும், டாக்டர். உங்கள் புத்தகத்தில் நெஞ்சு மட்டும்தான் போட்டிருக்கும். அவள் மேஜை உயரம் இருந்த நாளிலிருந்து அந்த முதுகைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். எந்த வரிக்கு முன்னால் பயப்படுகிறாள், எந்த வரியில் யாரோ ஒருவரை நினைத்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் அங்கே தெரியும். ஓங்கி அடித்தேன் என்கிறீர்கள். அடித்தேன். யாராவது ஒருவர் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் அப்போது முன்னால் போய்க்கொண்டிருந்தீர்கள்.

இடம் கிடைத்தால் அவளை ரயில் ஏற்ற எல்லோரும் போவோம் என்று என் மனைவி சொல்கிறாள். ஒரே காரில். உங்கள் எண்ணின் தடையை எடுத்துவிடச் சொல்லியும் நச்சரிக்கிறாள். யோசிக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் குழுவுக்கு வெளியூரில் ஒரு பெரிய நிகழ்ச்சி. நான் வர மாட்டேன், என் அண்ணன் மகள் பதிவுக்கு வாசிக்கிறேன் என்று முன்பே சொல்லி, என் இடத்துக்கு வேறொருவரை ஏற்பாடு செய்திருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த இடத்தைத் திரும்பக் கேட்க வாய் வரவில்லை. அன்று காலையில் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, வீட்டிலேயே இருந்தேன். இதை அவளிடம் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நாக்கு அரிக்கும். கையைத்தான் அடக்கப் பழகியிருக்கிறீர்கள், வாயிலும் பழகிக்கொள்ளுங்கள்.

சத்தம்